சாப்பிட்ட கையோடு நடங்கள்: காவிரி டெல்டாவில் தினசரி நடைக்கு ஒரு முழு வழிகாட்டி

ராத்திரி எட்டரை மணிக்கு எங்கள் தெருவில் ஒரு செருப்புச் சத்தம் கேட்கும். அத்தைதான். வாசலில் இருந்து பிள்ளையார் கோயில் வரை போவார், கோயில் பக்கத்துத் தெருவிளக்குக் கம்பத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புவார். நாலு நடை போனால் பதினைந்து நிமிடம் ஆகிவிடும். அதோடு சரி. இந்தப் பதினைந்து நிமிடத்துக்கு வந்து சேர அவருக்கு இரண்டு வருடம் பிடித்தது.

சுகர் என்று தெரிந்த அன்றைக்கு, "தினம் நடங்கம்மா" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். எவ்வளவு, எப்போது, எப்படி என்று அவரும் சொல்லவில்லை, அத்தையும் கேட்கவில்லை. மகன் வெள்ளை ஷூ வாங்கித் தந்தான். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, முதல் நாளே மெயின் ரோட்டில் நாலு கிலோமீட்டர். மூன்றாம் நாள் குதிகால் வலி. ஐந்தாம் நாள் நாய் துரத்தியது. பத்தாம் நாள் ஷூ பரணுக்குப் போய்விட்டது. அப்படிப் பரணேறிய ஷூ நம் பக்கத்தில் பல வீடுகளில் இருக்கிறது.

"வாக்கிங் எல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது தம்பி" என்று அத்தை சொன்னதை நான் மறக்கவில்லை. சரிப்படாமல் போனது நடை அல்ல, அவர் தொடங்கிய விதம். சோறு சாப்பிடும் ஊர்க்காரர்கள் நடையைச் சாப்பாட்டில் இருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. விடியற்காலை நடை நல்லதுதான். ஆனால் அது பிறகு.

நடை எங்கே போனது?

தஞ்சாவூரில் இருந்து திருவையாறு போகும் சாலை வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டும். எங்கள் ஊர் அந்தச் சாலையை ஒட்டித்தான். என் பாட்டி காலத்தில் சந்தைக்கும் கோயிலுக்கும் இந்தப் பாலங்களைக் கால்நடையாகவே கடந்தார்கள். வயலுக்குக் கஞ்சி கொண்டுபோவது, வரப்பில் தண்ணீர் பார்ப்பது, களத்துமேட்டுக்கும் வீட்டுக்கும் பத்து நடை என்று எல்லாமே காலால் நடந்த வேலை. இன்றைக்கு நடவுக்கு மிஷின் வந்துவிட்டது, அறுப்புக்கும் மிஷின். மதகு பார்க்கக்கூட டிவிஎஸ் எக்ஸ்எல்லில்தான் போகிறோம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. முதுகு ஒடிய வேலை செய்தவர்களுக்கு அந்த வண்டி பெரிய நிம்மதி. ஆனால் நடை போன பிறகும் தட்டில் விழும் சோறு குறையவில்லை.

1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியில் இருந்து தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கக் கிளம்பினார். தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக டெல்டாவைக் குறுக்கே கடந்து, சுமார் 240 கிலோமீட்டரை 15 நாளில் நடந்து முடித்தார்கள். கணக்குப் போட்டால் நாளுக்கு 16 கிலோமீட்டர், அதுவும் சித்திரை வெயிலில். அப்போது ராஜாஜிக்கு வயது 51. இன்றைக்கு 51 வயதில் நம்மில் பலர் ரயில்வே ஸ்டேஷன் மேம்பாலம் ஏறி இறங்கவே மூச்சு வாங்குகிறோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) இந்தியா முழுவதும் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல். எங்கள் தெருவில் கல்யாணப் பந்திக்கு உட்கார்ந்தால், இலை போட்டதும் மாத்திரை டப்பாவைத் திறப்பவர்களை நானே எண்ணியிருக்கிறேன்.

நடந்தால் உடம்புக்குள் என்ன ஆகிறது

சோறு வயிற்றுக்குள் போனதும் மாவுச்சத்து சர்க்கரையாக உடைந்து ரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரையைத் தசைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்சுலினின் வேலை. சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் போதவில்லை, அல்லது இருக்கும் இன்சுலினுக்குத் தசை சரியாகச் செவி சாய்ப்பதில்லை. அதனால் சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது.

நடக்கும்போது தொடையும் கெண்டைக்காலும் சுருங்கி விரிகின்றன. அப்படிச் சுருங்கும் தசை, இன்சுலின் வந்து தட்டாமலேயே தன் கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மாத்திரை செய்கிற வேலையில் ஒரு பங்கைக் காலே செய்துவிடுகிறது. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சர்க்கரை ஏறும் முதல் ஒன்றரை மணி நேரத்தில் இந்தக் கதவு திறந்தால் ஏற்றம் குறைவாக இருக்கும். அதனால்தான் நேரத்தைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன். வயதானவர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பதினைந்து பதினைந்து நிமிடம் நடப்பது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தியது. ராச்சாப்பாட்டுக்குப் பின் அந்தப் பலன் தெளிவாகவே தெரிந்தது.

சர்க்கரை இன்னும் வராமல் எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கும் நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. நடையையும் உணவுக் கட்டுப்பாட்டையும் கடைப்பிடித்தவர்களுக்கு, கடைப்பிடிக்காதவர்களைவிடச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு பலன்தான் கிடைத்தது.

அடுத்து இதயம். லண்டனில் ஜெரமி மாரிஸ் என்பவர் இரட்டை மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே கம்பெனி. நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம், மாடி ஏறி இறங்கி டிக்கெட் கிழித்த கண்டக்டர்களுக்குக் குறைவு. அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் இதையே பல விதங்களில் உறுதி செய்தன. விடாமல் நடந்தால் ரத்த அழுத்தம் சில புள்ளிகள் இறங்கும். கெண்டைக்கால் தசை ஒவ்வோர் எட்டுக்கும் ரத்தத்தை மேலே தள்ளுவதால், நின்றே வேலை செய்பவர்களின் கால்வீக்கமும் குறையும்.

மூளைக்கும் நல்லது. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், வாரம் மூன்று நாள் நாற்பது நிமிடம் என ஒரு வருடம் நடந்த முதியவர்களுக்கு, நினைவாற்றலோடு தொடர்புடைய மூளைப் பகுதி 2 சதவீதம் பெருத்திருந்தது. நடக்காமல் இருந்தால் வயதோடு அது சுருங்கத்தான் செய்யும். தூக்கம், மலச்சிக்கல், மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் நடை உதவும். எடையைப் பொறுத்தவரை உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நடையால் மட்டும் எடை மளமளவென்று இறங்காது. தட்டில் சோறு குறைந்து காய் கூடினால்தான் தராசு அசையும். எடை குறையவில்லை என்று பலர் நடையை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். முள் அசையாவிட்டாலும் மேலே சொன்ன மற்ற நன்மைகள் எல்லாம் கிடைத்துக்கொண்டேதான் இருக்கும்.

முதல் படி: தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆரோக்கியமாக இருப்பவர் பத்து நிமிடம் நடக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. நாற்பது வயதைத் தாண்டியிருந்தால் ஒரு தடவை பிபியும் சுகரும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள்.

மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடைப்பது, நடந்தால் கெண்டைக்கால் இழுத்து நின்றால் சரியாவது, அடிக்கடி மயக்கம் வருவது, ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்திருப்பது: இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்குங்கள். நெஞ்சு வலிக்கு மருந்து சாப்பிடுபவர்களுக்கு, வயிறு முட்டச் சாப்பிட்டதும் வேகமாக நடந்தால் வலி வரலாம். அவர்கள் கொஞ்சமாகச் சாப்பிட்டு, கொஞ்ச நேரம் விட்டு, மெதுவாக நடப்பதே சரி.

இன்சுலின் ஊசி போடுபவர்களும் சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் நடப்பது ஆபத்து. கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும், கண் இருட்டும். சட்டைப் பையிலோ முந்தானை முடிச்சிலோ கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ எப்போதும் இருக்கட்டும். அறிகுறி தெரிந்ததும் உட்கார்ந்து மூன்று நான்கு டீஸ்பூன் சாப்பிடுங்கள். "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று நடையைத் தொடராதீர்கள். அத்தை விடியற்காலை நாலு கிலோமீட்டர் போனது மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் காபியோடுதான். ஒன்றும் ஆகாமல் போனது எங்கள் அதிர்ஷ்டம்.

நடக்கும்போது நெஞ்சு நடுவே அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்று வந்தால் நடை அங்கேயே முடிந்தது. 108-க்குப் போன் போடுங்கள். வாயுத் தொல்லை என்று இஞ்சிச் சாறு குடித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

இரண்டாம் படி: காலும் செருப்பும்

என் சித்தப்பா ஒருவர் ஹவாய் செருப்போடு ஆற்றங்கரையில் நடந்துவிட்டு வந்தார். சீமைக்கருவை முள் செருப்பைத் துளைத்து ஏறியிருக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை. பதினைந்து வருடச் சுகரில் உள்ளங்கால் மரத்துப்போயிருந்தது. மூன்றாம் நாள் பாயில் சீழ்க் கறையைப் பார்த்த சித்திதான் காலைத் தூக்கிப் பார்த்தார். கட்டை விரலை எடுத்தார்கள்.

அதனால் சுகர் உள்ளவர்கள் வெறுங்காலோடு எங்கேயும் நடக்கக் கூடாது. புல்லில் நடந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று யார் சொன்னாலும் சரி. கோயில் பிராகாரத்தில் உச்சிவெயில் கல் காலைச் சுட்டுக் கொப்புளமாக்கும், அதுவும் மரத்த காலுக்குத் தெரியாது. கோயிலுக்குக் காலையிலோ சாயந்திரமோ போங்கள், சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி படுக்கும் முன் விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்ப்பது பழக்கமாகட்டும். குனிய முடியாதவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்.

ஷூதான் வேண்டும் என்பதில்லை. பின்பக்கம் வார் உள்ள, அடி மெத்தென்ற செருப்பு போதும். மரத்த காலுக்கு எம்சிஆர் என்னும் மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு நல்லது. புதிது வாங்கச் சாயந்திரம் போங்கள், பகல் முழுக்க நின்ற கால் அப்போதுதான் கொஞ்சம் பெருத்திருக்கும். ஷூ என்றால் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். மாட்டும் முன் தலைகீழாகத் தட்டுங்கள். நம் ஊரில் தேள், பூரான், தவளை எல்லாம் ஷூவுக்குள் குடியிருக்கும்.

மூன்றாம் படி: ராச்சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம்

முதல் இரண்டு வாரத்துக்கு இது ஒன்று மட்டும்தான். சாப்பிட்டுக் கை கழுவி, தட்டை எடுத்து வைத்துவிட்டு, கால் மணியில் இருந்து அரை மணிக்குள் வாசலுக்கு வாருங்கள். கட்டியிருக்கும் புடவையோ கைலியோ போதும். தெருவுக்குள்ளேயே, தெரிந்த முகங்களுக்கு நடுவே, ஐந்து நிமிடம் போய் ஐந்து நிமிடம் வாருங்கள். வேகம் வேண்டாம். பக்கத்தில் வருபவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே போகிற வேகம் போதும்.

இவ்வளவு குறைவாகவா என்று கேட்பீர்கள். பத்து நிமிடம் என்பதால்தான் அது நாளைக்கும் நடக்கும். அத்தை பரணில் ஷூவைப் போட்டு ஒன்றரை வருடம் கழித்து, ஒரு நாள் ராத்திரி கரண்ட் போனது. புழுக்கம் தாங்காமல் சாப்பிட்ட கையோடு வெளியே வந்து, எதிர்வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டே நாலு நடை நடந்தார். மறுநாளும் கூப்பிட ஆள் வந்தது. இப்போது எட்டு இருபதுக்கு இரண்டு வீட்டிலும் ரசம் சோறு முடிந்துவிடும். முன்பெல்லாம் சீரியல் முடிந்து பத்து மணிக்குச் சாப்பிட்டுப் பத்தேகாலுக்குப் படுத்தவர்கள் இவர்கள். நடைக்காகச் சாப்பாடு முன்னே வந்தது எனக்கு நடையைவிடப் பெரிய லாபமாகத் தெரிகிறது.

பெண்களுக்கு இந்த நேரம் பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விடியற்காலை என்பது வாசல் தெளிப்பு, கோலம், பால், டிபன், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஓடுகிற நேரம். அப்போது எழுந்து நடக்கச் சொல்வது தூக்கத்தில் ஒரு மணி நேரத்தைப் பிடுங்குவதுதான். வேண்டுமானால் பாத்திரத்தை இன்னொருவர் கழுவட்டும், அந்தப் பதினைந்து நிமிடம் அவர்களுக்குக் கிடைக்கும்.

மூன்றாம் வாரம் பதினைந்து நிமிடமாக்குங்கள். அதோடு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் சேருங்கள். மதிய வெயிலில் தெருவுக்குப் போக வேண்டாம். கூடத்தில் இருந்து கொல்லைத் தாழ்வாரம் வரை போய் வந்தால் போதும். கடையில் உட்காருபவர்கள் பஜார் நிழலில் நடக்கலாம். சாப்பிட்டதும் ஈஸி சேரில் சாய்வது டெல்டாவின் பழைய சுகம். பத்து நிமிடம் தள்ளிச் சாயுங்கள்.

நான்காம் படி: வேகம்

பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இதுதான் மிதமான வேகம். எண்ணிப் பார்க்க விரும்பினால், நிமிடத்துக்கு நூறு காலடி. பத்து நொடியில் பதினேழு அடி விழுந்தால் சரியாக வரும். பத்து எட்டுக்குள் மூச்சு வாங்கி வார்த்தை துண்டுபட்டால் குறையுங்கள்.

இந்த வேகத்தை ராச்சாப்பாட்டு நடையில் முயல வேண்டாம். இதற்கென்று ஐந்தாம் வாரத்தில் காலையிலோ மாலையிலோ தனியாக ஒரு நேரம் ஒதுக்குங்கள். முதல் மூன்று நிமிடம் மெதுவாக, பிறகு வேகமாக, கடைசி மூன்று நிமிடம் மறுபடி மெதுவாக. தலை நிமிர்ந்து, தோள் தளர்ந்து, கையை வீசி நடங்கள். கையில் போனைப் பார்த்துக்கொண்டே நடப்பது நடையில் சேராது, அது விழுவதற்கான வழி.

ஐந்தாம் படி: எவ்வளவு கூட்டுவது

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும். நாளுக்கு அரை மணி, வாரம் ஐந்து நாள் என்றால் 150 வந்துவிடும். ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பத்து, பத்து, பத்து என்று பிரித்தாலும் அரை மணிதான். எட்டாவது வாரத்தில் இந்த அளவுக்கு வந்தால் போதும், அவசரம் இல்லை.

பத்தாயிரம் அடி நடந்தே தீர வேண்டும் என்று பலர் சொல்வார்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து, 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பெயர் வைத்தார்கள். அந்த எண் அங்கிருந்து பரவியதுதான். 2022-ல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடியிலும், அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு 8,000 முதல் 10,000 அடியிலும் ஆயுளுக்கான பலன் ஏறக்குறைய நிறைந்துவிடுவது தெரிந்தது. இப்போது 2,500 அடி நடப்பவர் 4,500 ஆக்கினாலே நல்ல மாற்றம்தான். வீட்டு வேலை, கடைகண்ணி போய் வருவது எல்லாம் இந்த எண்ணிக்கையில் சேரும்.

"நான் நாள் முழுக்க நடவு வயலில் நிற்கிறேன், எனக்கு எதற்குத் தனி நடை?" என்று ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. குனிந்தே சேற்றில் நிற்பது கடுமையான உழைப்பு. ஆனால் அது முதுகையும் முட்டியையும் தேய்க்கிற உழைப்பு, இதயத்துக்கும் மூச்சுக்கும் சீரான நடை தருவதைத் தராது. நடவு நாளில் அவருக்குத் தேவை ஓய்வு. வேலை இல்லாத மாதங்களில்தான் அவர் நடக்க வேண்டும். உழைத்த உடம்பு சும்மா இருக்கும் பங்குனி, சித்திரையில்தான் சுகர் ஏறுகிறது என்று அவரே பிறகு சொன்னார்.

நடையோடு வாரம் இரண்டு நாள் காலுக்குக் கொஞ்சம் பலப்பயிற்சியும் வேண்டும். நாற்காலியில் இருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். அறுபத்தைந்துக்கு மேற்பட்டவர்கள் தூணைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் பத்து நொடி நிற்கப் பழகினால், வழுக்கி விழுவது குறையும்.

ஆறாம் படி: எங்கே நடப்பது

நடப்பதற்கு டெல்டாவைப் போல் ஊர் கிடையாது. மேடே இல்லை. முட்டிவலிக்காரர்களுக்கும் மூச்சுக்கோளாறு உள்ளவர்களுக்கும் இந்தச் சமதளம் வரம்.

குளக்கரைகள்தான் என் முதல் தேர்வு. மன்னார்குடி ஹரித்ராநதி 23 ஏக்கர், ஒரு சுற்று வந்தாலே ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பார்கள் (வேலி என்பது பழைய நில அளவு), அந்தக் கமலாலயத்தைச் சுற்றி வந்தாலும் அப்படித்தான். கும்பகோணம் மகாமகக் குளம் ஆறு ஏக்கருக்குச் சற்று அதிகம், இரண்டு சுற்றில் ஒரு கிலோமீட்டர் ஆகிவிடும். குளக்கரையில் இன்னொரு வசதி: எங்கே களைத்தாலும் வீட்டில் இருந்து வெகுதூரம் போயிருக்க மாட்டீர்கள். திருவிடைமருதூர் தெருவழகு என்று சும்மாவா சொன்னார்கள்? தேரோடும் வீதி எந்த ஊரில் இருந்தாலும் நாலு வீதியும் சுற்றினால் அது ஒரு நல்ல நடை. அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று தொடங்கிய திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எல்லாவற்றுக்கும் உண்டு.

ஆற்றங்கரை மனசுக்குப் பிடித்தது, ஆனால் வெளிச்சத்தில் மட்டும். பொழுது சாய்ந்த பிறகு கரையிலும் வரப்பிலும் நடக்காதீர்கள். கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் இரை தேடி வரும் நேரம் அது. போயே ஆக வேண்டும் என்றால் கையில் டார்ச் இருக்க வேண்டும், காலை ஓங்கி வைத்து நடக்க வேண்டும். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், காலை அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது.

மெயின் ரோடு என்றால் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி நடங்கள். வெளிர் நிறச் சட்டை போடுங்கள். அறுப்புக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். அதன் மேல் செருப்பு வழுக்கும், ஒதுங்கி நடுரோட்டுக்குப் போனால் டிராக்டர் வரும். அந்த ஒரு மாதம் தெருவுக்குள்ளேயே நடந்துகொள்ளுங்கள். நாய் தொல்லைக்குக் கையில் ஒரு குச்சி போதும், ஓட மட்டும் ஓடாதீர்கள்.

ஏழாம் படி: வெயில், மழை, பனி

கத்திரி வெயிலில் காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள், அல்லது சாயந்திரம் ஆறுக்குப் பிறகு. கடலோரம் பக்கம் என்பதால் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. கிளம்பும் முன் ஒரு செம்புத் தண்ணீர், வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர். சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் தண்ணீருக்கும் உப்புக்கும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. டீக்கடையில் நடையை முடித்து, இனிப்புக் காபியும் இரண்டு வடையும் சாப்பிட்டால் நடந்த பலன் அங்கேயே கரைந்துவிடும்.

வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, கல்லணை வழியாகத் தண்ணீர் வந்து சேரும்போது ஆற்றங்கரைக் காற்றே மாறிவிடும். புதிதாகத் தொடங்க ஆடி மாதச் சாயந்திரங்களைவிட நல்ல நேரம் எனக்குத் தெரியாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் பெரும்பாலானவர்களின் நடை நின்றுபோகிறது. அப்போது திண்ணையும் கூடமும்தான் பாதை. ஒரே இடத்தில் முட்டியைத் தூக்கித் தூக்கி வைத்தாலும் நடைதான். காலில் வெட்டுக்காயம் இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது. மார்கழிப் பனியில் ஆஸ்துமாக்காரர்கள் வெயில் ஏறிய பிறகு போகட்டும். மற்றவர்களுக்கு அது பஜனையோடு நடக்க அருமையான மாதம்.

வலி வந்தால்

முதல் வாரத் தொடை வலி தானே போய்விடும். காலையில் தரையில் கால் ஊன்றும்போது குதிகால் சுள்ளென்று குத்தினால், தூரத்தைப் பாதியாக்கி, மெத்தென்ற செருப்புக்கு மாறுங்கள். படுக்கையில் இருந்து எழும் முன் துண்டைப் பாதத்தில் போட்டு உங்கள் பக்கமாக இழுத்துப் பிடியுங்கள். கோடையில் வறண்ட ஆற்று மணலில் நடப்பது குதிகால் வலிக்கு ஆகாது.

முட்டி தேய்ந்துவிட்டது, இனி நடக்கவே கூடாது என்று நினைப்பது தவறு. தொடைத் தசை வலுவானால் முட்டிக்குப் பாரம் குறையும். வலி மறுநாள் வரை நீடிக்காத அளவுக்கு நடக்கலாம். முட்டி வீங்கிச் சூடாக இருந்தாலோ, பூட்டிக்கொண்டாலோ நடையை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சல், கல்யாணம், ஊர்ப்பயணம் என்று ஒரு வாரம் விட்டுப்போனால் பழைய தூரத்துக்குத் தாவாமல், மறுபடி பத்து நிமிடத்தில் இருந்து பிடியுங்கள்.

பாதயாத்திரை போகிறவர்களுக்கு

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தை ஒட்டி வேளாங்கண்ணிக்கும், சித்திரைத் தேரை ஒட்டிச் சமயபுரத்துக்கும் நம் பக்கத்தில் இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள். வருடம் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு, நேர்ந்துகொண்டதற்காக ஒரே நாளில் முப்பது கிலோமீட்டர் நடப்பவர்களின் கால்களை வழியோரப் பந்தல்களில் பார்த்திருக்கிறேன். எட்டு வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள். வாரம் ஒரு நாள் நீண்ட நடை, அதையும் வாரத்துக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டராகக் கூட்டுங்கள். புதுச் செருப்போடு கிளம்பாதீர்கள். கொப்புளம் வந்தால் உடைக்காமல், சுத்தமாகக் கழுவித் துணி சுற்றுங்கள். சுகர்க்காரர்கள் வெறுங்கால் நேர்த்திக்கடனைச் சாமியிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

இந்தச் சித்திரையில், சாமி ஏழு ஊர் சுற்றி வரும் ஏழூர்ப் பல்லக்கு திருவையாற்றில் இருந்து கிளம்பும்போது, பக்கத்து ஊரான திருப்பழனம் வரையாவது பின்னால் போக வேண்டும் என்று அத்தைக்கு ஆசை. தை பிறந்ததும் சனிக்கிழமை நடையைத் தொடங்கிவிட்டோம். போன வாரம் குடமுருட்டிப் பாலத்தில் இருந்து காவிரிப் பாலம் வரை வந்தார். கைப்பிடிச் சுவரோரம் நின்று, என் தோளைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றி, ஒவ்வொரு விரல் இடுக்காகத் தடவிப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல, வா போகலாம்" என்றார்.